அம்புக்குறி கீறாமல் காவி படிக்க முடியாது

அக்காவின் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறான். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு டியூட்கள், டியூஷன் வகுப்பில் கொடுக்கும் பயிற்சித் தாள்கள். எல்லாம் காவிகள்: பருமன் என்ற அளவோடு திசையும் உள்ளவை, அம்பாகக் கீறப்படுபவை. "70 கணக்கு முடித்துவிட்டேன், மாமா" என்றான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஒரு காவியின் பருமன் 3, இன்னொன்றின் பருமன் 4. இரண்டையும் கூட்டினால் வரும் காவியின் பருமன் என்ன? யோசிக்காமல் "5" என்றான். ஏன் என்று கேட்டதும் "7" என்று மாற்றினான்.

கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். 70 கணக்குகளில் ஒன்றுக்குக்கூட அம்புக்குறி கீறப்படவில்லை. கிடைக் கூறுகளைக் கூட்டு, நிலைக்குத்துக் கூறுகளைக் கூட்டு, இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடு. அவன் 70 தடவை செய்தது வெறும் எண்கணிதம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருக்கும் டியூஷன் மண்டபத்தில், பின்வரிசைப் பிள்ளையின் தாளில் படம் இருக்கிறதா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளைமீது அல்ல.

விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குகளை உருவி, ஒன்றை 3 அங்குலமாகவும் மற்றதை 4 அங்குலமாகவும் முறித்தோம். ஒன்றின் தலையில் மற்றதன் வாலை வைத்து மெல்லத் திருப்பச் சொன்னேன். ஒரே திசையில் நின்றால் 7, எதிரெதிரே நின்றால் 1, செங்கோணத்தில் 5. இரண்டு காவிகளுக்கும் இடையே 60 பாகை என்றால் 37இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 6.08. 120 பாகை என்றால் 13இன் வர்க்கமூலம், 3.6 அளவில். 1இலிருந்து 7 வரை எந்த எண்ணும் விடையாகலாம், கோணத்தைச் சொல்லாமல் விடை சொல்லவே முடியாது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தப் 10 நிமிடம் அவனுக்கு எந்த டியூட்டிலும் கிடைத்திருக்காது.

நம் இலங்கைப் பாடநூல்களின் 'காவி' என்ற சொல்லே எவ்வளவு அழகானது! காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். ஆடிவேல் ஊர்வலத்தில் தோளில் ஏறும் காவடியும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். 1840களில் அயர்லாந்துக் கணிதவியலாளர் ஹமில்டன் இதற்கு வைத்த 'வெக்டர்' என்ற பெயருக்கும் இலத்தீனில் சுமப்பவர் என்றுதான் பொருள். ஒரு புள்ளியை இங்கிருந்து அங்கே சுமந்துபோவது காவி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வெக்டர் என்றே எழுதுகின்றன. நம்முடைய சொல் கருத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆனால் எத்தனை வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பிள்ளைகள் அதைச் சாமியாரின் வேட்டி நிறம் என்று நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதிவிடுகிறார்கள்.

படம் கீறினால் நேரம் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. இணைந்த கணித வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம், பகுதி அ-வில் 10 வினாக்களும் கட்டாயம், பகுதி ஆ-வில் 7இல் 5. ஆனால் நேரத்தைத் தின்பது படம் அல்ல. இரண்டு காவிகளின் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரே பருமன் என்று தந்து, அவற்றுக்கு இடையிலுள்ள கோணத்தைக் கேட்டால் என் மருமகன் அரைப் பக்கம் எழுதுவான். இணைகரம் ஒன்றைக் கீறிப் பாருங்கள். கூட்டல் ஒரு மூலைவிட்டம், கழித்தல் மற்ற மூலைவிட்டம். இரண்டும் சமமென்றால் அது செவ்வகம், ஆகவே கோணம் 90 பாகை. பின்னர் எண்ணிப் பெருக்கத்தால் (இரண்டு பருமன்களையும் இடைக்கோணத்தின் கோசைனையும் பெருக்கி வரும் எண்) இரண்டு வரியில் நிறுவிவிடலாம், எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்துவிட்டதே!

இன்னொரு பிழையும் அவன் கொப்பியில் இருந்தது. ஒரே காவியோடு இரண்டு காவிகளைத் தனித்தனியே எண்ணிப் பெருக்கம் செய்து, விடைகள் சமம் என்றதும், பொதுக் காவியை இருபுறமும் வெட்டிவிட்டான். காவியால் வகுக்க முடியாது. அந்த இரண்டு காவிகளின் வித்தியாசம் பொதுக் காவிக்குச் செங்குத்தாக இருந்தாலும் விடை சமமாகத்தான் வரும். இதையும் ஈர்க்கு வைத்தே காட்டினேன்.

அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன்: நாளுக்கு 4 கணக்குப் போதும். ஒவ்வொன்றையும் முதலில் படமாகவும், பிறகு கூறுகளாகவும், இரண்டு விதமாகச் செய்யட்டும். அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை, "மற்றப் பிள்ளைகள் 20 செய்கிறார்களே" என்றாள். செய்யட்டும், அக்கா.

நேற்று மாலை அவனைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனேன். கடல் காற்றில் ஒரு சிறுவனின் பட்டம் அசையாமல் நின்றது. பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் காற்றின் விசை, பட்டத்தின் நிறை, நூலின் இழுவை என்று மூன்று அம்புகளைத் தலைக்கு வாலாகக் கீறினான். முக்கோணி மூடியது, அதாவது மூன்று விசைகளும் சமநிலையில் இருந்தன. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நூல் அறுந்தால் இது மூடாது, மாமா" என்றான். இழுவையின் அம்பை விரலால் மறைத்தான். மிஞ்சிய இரண்டையும் கூட்டி வரும் விளையுளைக் கீறி, அறுந்த கணத்தில் பட்டம் எந்தப் பக்கம் பாயத் தொடங்கும் என்று மேலே கையை நீட்டிக் காட்டினான்.