பத்து நொடிகூடப் பேச விடமாட்டீர்களா?

ஞாயிறு இரவு டிவியில் இந்தி சினிமா விருது விழா ஒன்று போட்டார்கள். பெயரை விடுங்கள், எல்லா விழாவும் இப்போது ஒரே மாதிரிதான். எட்டு மணிக்கு உட்கார்ந்தேன், ஒன்பதே முக்கால் வரைக்கும் மூன்று விருதுதான் கொடுத்திருந்தார்கள். மீதி நேரமெல்லாம் ஆட்டம், முன்வரிசையில் இருக்கும் நட்சத்திரங்களைக் கொஞ்சுவது, விளம்பரம்.

அப்புறம் ஒலி வடிவமைப்புக்கான விருது என்றார்கள். நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலையெல்லாம் நரைத்த ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். பின்வரிசை! மேடைக்கு வந்து சேரவே அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும், அதையும் வெட்டிவிட்டார்கள். சிலையை வாங்கி இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோட்டுப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். பிரித்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். மைக் கொஞ்சம் உயரமாக இருந்தது, அதை இறக்கினார். "என்னுடைய உதவியாளர்கள்..." என்று இந்தியில் ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். வெட்டு. அடுத்த நொடி நடுமேடையில் நாற்பது பேர் ஆடுகிறார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தேன், அந்த ஆட்டம் பதினோரு நிமிடம். முடிந்ததும் திரும்ப அவரிடம் வருவார்கள் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. அந்தத் தாளில் யார் யார் பெயர் இருந்ததோ? வெயிலில் தலைக்கு மேல் மைக் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் பெயர் இருந்திருக்கும். கதாநாயகி நடக்கும்போது கேட்கிற காலடிச் சத்தத்தை, ஸ்டுடியோவில் அவள் செருப்பைத் தானே போட்டு நடந்து உண்டாக்கியவர் பெயர் இருந்திருக்கும். அவர்கள் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களுக்கு என்ன பதில்?

இந்தப் புறக்கணிப்பு இன்றைக்கு வந்ததில்லை. 1954இல் பம்பாய் மெட்ரோ தியேட்டரில் ஃபிலிம்ஃபேர் பத்திரிகையின் முதல் விருது விழா நடந்தபோது மொத்தமே ஐந்து விருதுகள்தான்: படம், இயக்குநர், நடிகர், நடிகை, இசையமைப்பாளர். பாடுகிறவர்களுக்கு ஒன்றுமில்லை. 'சோரி சோரி' படத்துக்காக இசையமைப்பாளர்கள் சங்கர்–ஜெய்கிஷன் வென்றபோது, விழாவில் அந்தப் படத்தின் பாட்டைப் பாட முடியாது என்று லதா மங்கேஷ்கர் மறுத்துவிட்டார். விருது மெட்டுக்குத்தானே, மெட்டை மட்டும் வாசித்துக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம். அதற்கப்புறம்தான், 1959இல், பின்னணிப் பாடகர் விருதே வந்தது. முதலில் வாங்கியதும் அவர்தான், 'மதுமதி' பாட்டுக்காக. லதாவே முரண்டு பிடித்துத்தான் ஒரு விருது வாங்க வேண்டியிருந்தது என்றால், மைக் பிடிக்கிற பையன் யாரிடம் போய்ச் சண்டை போடுவான்?

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 'பாகீசா' வெளிவந்தது 1972இல். அதன் இசையமைப்பாளர் குலாம் முகமது அதற்குள் இறந்தே போயிருந்தார். ஃபிலிம்ஃபேர் இசை விருது அவருக்குக் கிடைக்கவில்லை, 'பே-இமான்' படத்துக்குப் போனது. அதே 'பே-இமான்' படத்துக்குத் துணை நடிகர் விருது பெற்ற பிரான், குலாம் முகமதுவுக்குச் செய்தது அநியாயம் என்று தன் விருதையே வேண்டாம் என்றுவிட்டார். இறந்துபோன ஓர் இசைக்காரருக்காக ஒரு நடிகர் செய்த காரியம் அது. இன்றைக்கு முன்வரிசையில் இருக்கிறவர்களில் ஒருவராவது எழுந்து, "ஐயா, அவரைப் பேச விடுங்கள்" என்று சொல்லக் கூடாதா?

2024இல் குஜராத் காந்திநகரில் நடந்த ஃபிலிம்ஃபேரில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி, உடை எல்லாவற்றுக்கும் முதல் நாளே தனியாகக் கொடுத்து முடித்துவிட்டார்கள். பெரிய விழா நட்சத்திரங்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. ஒளிப்பதிவு என்பது சின்ன வேலையா? 'பிளாக்' படத்தில் நம் ரவி கே. சந்திரன் பிடித்த இருட்டையும் வெளிச்சத்தையும் எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் பாதி போய்விடும்.

சரி, ஒலிக்கு மரியாதைதான் இல்லை, வீட்டில் இருக்கிறவர்கள் காதுக்காவது இருக்கிறதா? அந்த வெட்டுக்கு அப்புறம் ஆட்டம், ஆட்டத்துக்கு அப்புறம் விளம்பரம். விளம்பரம் வந்ததும் சத்தம் ஏன் இரண்டு மடங்காகிறது? ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள், ஒரு மணி நேரமாகத் தோளில் போட்டுத் தட்டித் தூங்க வைத்த குழந்தை வீறிட்டு எழுந்துவிட்டது. திரும்பத் தூங்க மணி பன்னிரண்டரை.