மீன் சாப்பிட்டால் கோழியும் சாப்பிட வேண்டுமா?

"நீங்க நான்-வெஜ்தானே மேடம்? அப்புறம் என்ன?"

போன வாரம் சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஒரு தீம் பார்க்கின் சாப்பாட்டுக் கூடத்தில் சூப்பர்வைசர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. என் கையில் இறால் பிரியாணித் தட்டு. தட்டில் ஒரு கோழி எலும்பு. வாயில் பாதி மென்ற சோறு. நான்கு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மீன், இறால், நண்டு சாப்பிடுவேன். முட்டையும் உண்டு. ஆடு, கோழி, மாடு எதுவும் தொடுவதில்லை. ஒன்பது வருடமாக இப்படித்தான். ஊர் நாகப்பட்டினம் பக்கம், மீன் குழம்பு வாசனையிலேயே வளர்ந்தவள். ஒருநாள் கறிக்கடையில் கண்முன் நடந்ததைப் பார்த்த பிறகு கறி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மீன் இறங்குகிறது. ஏன் அது மட்டும் இறங்குகிறது என்று பந்தியில் உட்கார்ந்து நான் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. இதற்கு பெஸ்கடேரியன் என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரெல்லாம் வேண்டாம், "மீன் மட்டும் சாப்பிடுவேன்" என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும். பணம் வாங்கிக்கொண்டு சோறு போடுகிறவர்களுக்கு ஏன் புரியவில்லை?

நாத்தனார் குடும்பம் திருச்சியிலிருந்து கோடை லீவுக்கு வந்திருந்தது. பிள்ளைகள் நான்கு பேர். மூன்று நாளில் இரண்டு பார்க் என்று திட்டம். எனக்கு இந்த இடங்களில் சாப்பாடு எப்படி இருக்கும் என்று தெரியும். ஆகவே விடிகாலை எழுந்து புளிசாதம் கிளறி, நெத்திலி வறுத்து, டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். வாசலிலேயே பையைத் திறந்து பார்த்தார்கள். "வெளிச் சாப்பாடு அலோ இல்லம்மா." சரி, மத்தியானம் வெளியே காருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "வெளியே போனா திரும்ப டிக்கெட் எடுக்கணும்." மே மாத வெயிலில் அந்த டப்பா காருக்குள்ளேயே கிடந்தது. சாயங்காலம் திறந்தபோது புளித்த வாடை, அப்படியே குப்பையில் கொட்டினேன்.

இந்த விதியை யோசித்துப் பாருங்கள். காலை பத்தரை முதல் மாலை ஆறு வரை ஒரு ஆளை உள்ளே வைத்திருக்கிறார்கள். சொந்தச் சாப்பாடு கூடாது, வெளியே போகவும் கூடாது. அவர்கள் சமைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். அப்படிக் கட்டிப்போட்டுச் சோறு விற்பவர்களுக்கு, அந்தச் சோற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பொறுப்பு உண்டா இல்லையா?

முதல் நாள் பலகையில் இரண்டு பத்தி. வெஜ், நான்-வெஜ். நான்-வெஜ்ஜில் பதினோரு அயிட்டம், பதினொன்றும் சிக்கன். சுவருக்கு அப்பால் அலைச் சத்தம் கேட்கிறது, உள்ளே ஒரு துண்டு மீன் கிடையாது. கேட்டதற்கு, "தடைக்காலம் மேடம், மீன் வராது" என்றார்கள்.

இதை யாரிடம் சொல்கிறார்கள்? தடைக்காலம் என்னவென்று எனக்குத் தெரியாதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகளையும் இழுவைப் படகுகளையும் நிறுத்தி வைக்கிறார்கள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஃபைபர் படகுகள் தினமும் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நொச்சிக்குப்பம் மீன் அங்காடியில் நானே சங்கராவும் கானாங்கெளுத்தியும் வாங்கி வந்தேன். விலை ஏறியிருந்தது, வரத்துக் குறைவு, வஞ்சிரம் பக்கம் போகவே முடியவில்லை. அதெல்லாம் உண்மை. ஆனால் மீன் இருந்தது. இறாலோ பண்ணையில் வளர்வது, அதற்கும் தடைக்காலத்துக்கும் சம்பந்தமே இல்லை. "நாங்க மீன் போடறதில்ல" என்று நேராகச் சொல்லியிருந்தால் பேசாமல் போயிருப்பேன். கடல்மேல் பழி போடுவது எதற்கு?

அன்றைக்குத் தயிர் சாதம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது பார்க்கில் பலகையில் 'இறால் பிரியாணி' என்று பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! 340 ரூபாய். கவுன்டரில் இருந்த பையனிடம் கேட்டேன், "தம்பி, இதுல கறி எதுவும் கலக்க மாட்டீங்கல்ல?" "இறால்தான்க்கா" என்றான். நான்காவது வாயில் எலும்பு. இறாலுக்கு ஏது எலும்பு? திரும்பப் போய்த் தட்டைக் காட்டினேன். அந்தப் பையன் பயந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டான். "அக்கா, சோறு ஒரே அண்டாதான். சிக்கன் பிரியாணி சோத்தை எடுத்து, மேல இறால் மசாலா போட்டுக் குடுப்போம்."

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறான். கோபமெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான். அதற்குள் சூப்பர்வைசர் வந்து, மேலே எழுதினேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார். மன்னிப்பு இல்லை, காசு திரும்ப வரவில்லை. என்னிடம்தான் ஏதோ தப்பு இருப்பதுபோல அப்படி ஒரு பார்வை.

நான்-வெஜ் என்றால் எல்லாம் ஒன்று என்ற இந்த நினைப்புதான் என் பிரச்சினையே. பாக்கெட் உணவில் போடும் குறியும் இதே கதைதான். சைவத்துக்குப் பச்சைப் புள்ளி. ஆட்டுக்கறி, கோழி, மீன், முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பழுப்பு முக்கோணம். முட்டை மட்டும் சேர்த்திருந்தால் அதைத் தனியாக எழுதிக்கொள்ளவாவது விதியில் இடம் இருக்கிறது. ஓட்டல் பலகையில் அந்த அளவுகூடக் கிடையாது. பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவில் என்ன வெந்தது என்று கேட்டால் முறைக்கிறார்கள். பீஸ் இல்லாமல் குஸ்கா தரட்டுமா என்கிறார்கள். பீஸை எடுத்துவிட்டால் சோற்றில் இறங்கிய கறிச்சாறும் கூடவே போய்விடுமா? சிக்கன் 65 பொரித்த அதே எண்ணெயில் ஃபிஷ் ஃபிங்கரைப் போட்டு எடுத்து நீட்டுகிறார்கள். கேட்டால், "எண்ணெய்தானே மேடம்".

வீட்டு ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "ஒரு நாள் தயிர் சாதம் சாப்பிட்டா என்ன?" என்றார் கணவர். நாத்தனார், "அதென்ன அண்ணி பாதிச் சைவம், ஒண்ணு சாப்பிடுங்க, இல்ல விட்டுடுங்க" என்றாள். பாதிச் சைவம் எதுவும் இல்லை. நான் சைவம் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டதே கிடையாது. எனக்கென்று தனி அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. அந்தக் கூடத்திலேயே 'ஜெயின் உணவு கிடைக்கும்' என்று ஒரு பலகை தொங்கியது. வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் இல்லாமல் தனியாகச் சமைக்கிறார்கள். ரொம்ப நல்ல விஷயம், மனசாரச் சொல்கிறேன். வெங்காயம் வேண்டாம் என்கிறவருக்குத் தரும் மரியாதையில் கால்வாசி, கோழி வேண்டாம் என்கிற எனக்கும் கொடுங்கள். பொய் எழுதாமல் இருந்தாலே போதும். 'இறால் பிரியாணி, சோறு சிக்கனோடு வெந்தது' என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் வாங்கியே இருக்க மாட்டேன்.

இது ஏதோ என் ஒருத்தியின் பிடிவாதம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. என் தங்கை மகனுக்கு இறால் ஒத்துக்காது. ஒரு துண்டு உள்ளே போனாலும் உதடு வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரே கரண்டி, ஒரே அண்டா, ஒரே எண்ணெய் என்று வைத்திருக்கும் இடத்தில் அந்தப் பிள்ளை சிக்கன் பிரியாணியைக்கூட நம்பிச் சாப்பிட முடியுமா? எனக்கு வயிற்றைப் பிரட்டியதோடு போனது. அவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. எது எதோடு வேகிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஒரு ஆளைக் கவுன்டரில் நிற்க வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? அந்த ஒரு தட்டுப் பிரியாணிக்கே 340 ரூபாய் வாங்குகிறார்களே!

வெளியே வரும்போது கருத்துப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். சாப்பாடு எப்படி என்று கேட்டு நான்கு சிரித்த முகம், ஒரு அழுத முகம். அதைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தேன். போன் நம்பரும் எழுதினேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

திரும்பும் வழியில் நீலாங்கரை தாண்டி, ரோட்டோரம் தள்ளுவண்டியில் ஒரு அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இன்னொரு சட்டியில் சிக்கன். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "இந்தச் சட்டி மீனுக்கு மட்டும்தான் கண்ணு, கோழிக்கு அது. கரண்டியும் வேற" என்றார். கிழங்கான் மீன் நான்கு வாங்கி, ஆவி பறக்க, நின்றபடியே சாப்பிட்டேன். மணி ஏழேகால். காலை இட்லிக்குப் பிறகு அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அதுதான்.