களியும் வேணும், மாத்திரையும் வேணும்

அந்த மண்டபத்து வீடியோவை இனிமே எனக்கு அனுப்பாதீங்க. பார்த்தாச்சு. வாழ்வியல் பேச்சாளர் ஒரு பெரியவர் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில போடறாரு, முன்வரிசை எழுந்து நின்னு கைதட்டுது. மூணு வேளை ராகி களி, அவர் விக்கிற பொடி ஒரு ஸ்பூன், சுகரும் பிபியும் ஓடிப்போயிடுமாம். கைதட்டுனவங்கள்ல பாதிப் பேர் நம்ம தர்மபுரி ஆளுங்க, படிச்சவங்க. அதுதான் எரியுது.

முதல்லயே சொல்லிடறேன். களிக்கு நான் எதிரி இல்ல. நூறு கிராம் கேழ்வரகுல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, அரிசி பக்கத்துலயே வர முடியாது. ஆனா அதே நூறு கிராம்ல மாவுச்சத்து 70 கிராமுக்குப் பக்கம். புரதம் வெறும் 7 கிராம். நொய்யும் சேர்த்துக் கிண்டி, பெரிய உருண்டையா மூணு வேளையும் முழுங்கினா சுகர் எங்கேயும் ஓடாது, ஏறும். சின்ன உருண்டை, அதுக்கு ரெண்டு பங்கு அவரைக்கொட்டைக் குழம்போ கீரைக் கடைசலோ. அப்படிச் சாப்பிட்டா களி நல்ல சாப்பாடு. சாப்பாடுதான், மருந்து இல்ல.

இப்ப அந்த அட்டை. அதுல அட்டெனலால்ங்கற பிபி மாத்திரை இருந்திருந்தா? பல வருஷம் தின்ன அட்டெனலாலைத் திடீர்னு நிறுத்தினா படபடப்பு வரும், பிபி எகிறும், இதயக் கோளாறு உள்ளவங்களுக்கு நெஞ்சுவலியே வரலாம். குறைக்கணும்னா டாக்டர் பார்த்துப் படிப்படியாத்தான் குறைக்கணும். இன்னொரு பிபி மாத்திரை அம்லோடிபின்னா கதை வேற. நிறுத்தின உடனே ஒண்ணும் தெரியாது. "பாரு, மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்"னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டுத் திரியலாம். பிபி சத்தம் போடாம ஏறிட்டிருக்கும். ஒருநாள் ஒரு பக்கம் கைகால் விழும்போது அந்தப் பேச்சாளர் வேற மண்டபத்துல இருப்பாரு.

இன்னொண்ணு, "வாரத்துல ஒரு நாள் பட்டினி கிடங்க"ன்னும் சொன்னாரு. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை போடற பெரியவங்க மாத்திரையைப் போட்டுட்டுச் சோறு தின்னலைன்னா சுகர் தரைமட்டமா இறங்கும். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். வீட்ல இருக்கறவங்க "வயசாயிடுச்சு, உளறுது"ன்னு படுக்க வெச்சிடுவாங்க. நினைவு இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு உடனே குடிக்க வெச்சு, கால் மணி நேரம் கழிச்சு சுகர் பாருங்க, ஏறலைன்னா மறுபடி கொடுங்க. நினைவு இல்லைன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க. இதைச் சொல்ல மேடையில அரை நிமிஷம் போதும். சொல்லலையே.

"எங்க தாத்தா தொண்ணூறு வரைக்கும் களி தின்னே வாழ்ந்தாரு"ன்னு ஒருத்தர் வருவாரு. வரட்டும். உங்க தாத்தா ஏர் பின்னாடி நடந்தாரு, நீங்க பைக்ல போய் பால் வாங்கறீங்க. அம்பதுல "காத்து அடிச்சு" போய்ச் சேர்ந்த தாத்தாக்களைப் பத்தி யாரும் பெருமை பேசறதில்ல, அவ்வளவுதான்.

"மருந்துக் கம்பெனி ஏஜென்ட்." இது அடுத்தது. ஐயா, பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து காசு வாங்காம கொடுக்கற மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல தொடங்கினதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான். காசு கொடுத்து நீங்க வாங்கறது அந்தப் பொடி டப்பாவை. யார் யாருக்கு ஏஜென்ட்?

பக்க விளைவு இருக்கான்னா, இருக்கு. அதை மாத்திரை எழுதினவர்கிட்ட சொல்லி மாத்தணும். சித்தா வேணும்னா அரசு ஆஸ்பத்திரியிலேயே பிரிவு இருக்கு, படிச்ச டாக்டர் இருக்காங்க, என்னென்ன மாத்திரை போடறீங்கன்னு அவங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க.

மூட்டுவலிக்கு வருவோம், அந்தப் பொடி அதிகமா விக்கிறதே அதுக்குத்தானே. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இருக்கற பெரியவங்க இடுப்பைப் பிடிச்சா, கழுத்து திரும்பலைன்னா, முதல் கேள்வி எண்ணெய் எதுன்னு இல்ல, இவ்வளவு வருஷம் எந்த போர் தண்ணி குடிச்சீங்கங்கறது. நம்ம நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடுங்கற உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டின தண்ணியை வருஷக்கணக்கா குடிச்சா எலும்புல படிஞ்சு மூட்டையும் முதுகையும் இறுக்கும். அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல. குழாயில ஒகேனக்கல் தண்ணி வர்ற ஊர்லகூட "போர் தண்ணிதான் ருசி"ன்னு அதையே குடிக்கறவங்க இருக்காங்க. கொதிக்க வெச்சா போயிடும்னு நினைக்காதீங்க. தண்ணிதான் ஆவியா போகும், ஃபுளோரைடு அங்கேயே கிடக்கும், இன்னும் கெட்டியாகும். சாதா கேண்டில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது, ஆர்ஓ பிடிக்கும். இங்கதான் களி உதவும், சாப்பாட்டுல கால்சியம் இருந்தா ஃபுளோரைடு உடம்புல சேர்றது குறையும். இப்படி ஒரு உருப்படியான காரணம் கையில இருக்கும்போது எதுக்குங்க பொய்?

பேர் இல்லாத பொடி ரெண்டே நாள்ல வலியைப் போக்கினா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், சுகர் ஏறும். பல மாசம் தின்னிருந்தா சட்டுனு நிறுத்தறதும் ஆபத்து, டப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பெங்களூர்லயும் ஓசூர்லயும் இருந்துக்கிட்டு அந்த டப்பாவை கூரியர்ல அனுப்பற பிள்ளைங்களுக்கும் சொல்லணும். கோபம் வேண்டாம். வந்தாலும் வரட்டும். அம்பது கிலோ எடை உள்ள ஆயாவுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமாவது புரதம் வேணும். ரெண்டு முட்டை 12, அம்பது கிராம் கொள்ளு 11, அம்பது கிராம் நிலக்கடலை 12, ஒரு டம்ளர் பால் 6, நூறு கிராம் மாவுக் களியில ஒரு 7. கிட்டத்தட்ட வந்துடுச்சு. கிட்னிக் கோளாறு இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுக்கிட்டுக் கொடுங்க. பல்லு இல்லைன்னு ஆயா கடலையை ஒதுக்கினா வறுத்துப் பொடிச்சுக் கொடுங்க. அதைச் செய்ய வீட்ல ஆள் வேணும். டப்பா செய்யாது.

ஊருக்கு வரும்போது அவங்களை நாற்காலியில உட்கார வெச்சு, கையை மார்புல கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்க. 15 நொடிக்கு மேல ஆனா தொடையில பலம் கம்மி, விழ வாய்ப்பு அதிகம். விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா பல பேர் திரும்ப நடக்கறதே இல்ல. காலையில பத்து, சாயந்திரம் பத்து, பிடிமானத்தோட எழுந்து உட்காரப் பழக்குங்க. பாத்ரூம்ல கைப்பிடி போடுங்க. ராத்திரி போற வழியில ஒரு சின்ன பல்பு. தூங்கி எழுந்ததும் கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு அப்புறம் நிக்கணும், பிபி மாத்திரை போடறவங்களுக்கு இது கட்டாயம். கைப்பிடி போட கொத்தனாருக்குக் கொடுக்கற கூலி ரெண்டு டப்பா காசுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைக்க முடியாதே, அதான் யாரும் செய்யறதில்ல.

காது கேக்கலைன்னா கருவி வாங்கிக் கொடுங்க. கேக்காத ஆள்கிட்ட வீடே பேச்சைக் குறைச்சுக்கும், அவங்களும் ஒதுங்கிடுவாங்க. ஞாபகமறதி நோய்க்குக் காது கேளாமையும் ஒரு காரணம்னு டாக்டர்கள் சொல்லியாச்சு.

திட்டறவங்க திட்டுங்க, பழகிடுச்சு. ஆனா அந்த மண்டபக் கூட்டத்துக்குப் போய்ட்டு வந்து உங்க வீட்ல யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தா, கமெண்ட்ல சண்டைக்கு வர்றதுக்கு முன்னாடி நாளைக்குக் காலையில ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் பிபியும் சுகரும் பாருங்க. காசு கேக்க மாட்டாங்க. பழைய மருந்துச் சீட்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.