ரெக்கார்டுல சைன் வாங்கவே நாள் போயிடுது, இதுல படிப்பையும் வாழ்க்கையையும் எங்க பேலன்ஸ் பண்றது?

எம்பிபிஎஸ் சேர்ந்ததும் ஃபவுண்டேஷன் கோர்ஸ்னு ஒரு அறிமுக வகுப்புல உக்கார வெச்சு டைம் மேனேஜ்மென்ட் கிளாஸ் எடுக்குறாங்க. படிப்பு, தூக்கம், விளையாட்டுன்னு வட்டத்தைப் பிரிச்சு கலர் அடிச்சுக் காட்டுறாங்க. அதுல ப்ராக்டிகல் ரெக்கார்டு நோட்டு எழுத ஒரு துண்டு இருக்கா? டிபார்ட்மென்ட் வாசல்ல சைனுக்கு நிக்க ஒரு துண்டு? பசங்களுக்கு நேரத்தைப் பிரிக்கத் தெரியலையாம்! கையில நேரத்தைக் குடுத்தாத்தானே பிரிக்கிறதுக்கு.

ஹிஸ்டாலஜி, அதாவது திசுக்களைப் பத்தின பாடத்தோட ரெக்கார்டையே எடுத்துக்குவோம். ஸ்லைடை மைக்ரோஸ்கோப்ல பாத்து, சைட்டோபிளாசத்துக்கு பிங்க் பென்சில், நியூக்ளியஸுக்கு ஊதா பென்சில்னு வரைஞ்சு, பாகம் குறிச்சு, கீழ மூணு ஐடென்டிஃபிகேஷன் பாயின்ட் எழுதணும். அருமையான பயிற்சி, சந்தேகமே இல்ல. ஆனா பேட்ச்ல இருக்கிற கூட்டத்துக்கு நல்ல ஸ்லைடு கைக்கு வர்றதுக்குள்ள பெல் அடிச்சிடும். அப்புறம் என்ன, ராத்திரி ஹாஸ்டல்ல சீனியர் ரெக்கார்டைப் பாத்து காப்பி. அந்த சீனியர் அவரோட சீனியரைப் பாத்து அடிச்சிருப்பாரு. தைராய்டும் பால் சுரக்கிற மார்பகச் சுரப்பியும் கடைசியில ஒரே மாதிரி பிங்க் வட்டமா வந்து நிக்கும். ஸ்லைடைப் பாத்து இது என்னன்னு சொல்ற ஸ்பாட்டர் பரீட்சையில மாட்டுறது இங்கதான். ஃபாலிக்கிள்ங்கிற குட்டிப் பை உள்ள ஒரே சீரா கொலாய்டுங்கிற கூழ் நிரம்பி, சுத்தி க்யூபாய்டல் (கனசதுர வடிவ) செல் வரிசை இருந்தா தைராய்டு. கனெக்டிவ் (இணைப்புத்) திசு சுவர் வெச்சு லோபியூல் லோபியூலா, அதாவது குட்டிக் குட்டிப் பகுதியா பிரிஞ்சு, நடுவுல டக்ட் (நாளம்) தெரிஞ்சா மார்பகம். லென்ஸ்ல ஒருதரம் பாத்தா மறக்காத விஷயம் இது. தூக்கத்தைக் கெடுத்து வரைஞ்ச படம் இதைச் சொல்லித் தராது.

2019ல சிபிஎம்இ, அதாவது திறன் அடிப்படையிலான புது பாடத்திட்டம் வந்ததுலேர்ந்து லாக்புக் வேற. ஒவ்வொரு திறனுக்கும் ஒரு வரி: கோடு நம்பர், தேதி, எத்தனையாவது முயற்சி, ரேட்டிங், முடிவு, ஆசிரியர் சைன், மாணவர் சைன். அன்னைக்கே வாங்கலைன்னா தொலைஞ்சது. அடுத்த வாரம் போனா "பழைய தேதிக்கு நான் எப்படிம்மா சைன் போடுறது?"ம்பாங்க. மேடம் ஓபில இருப்பாங்க, ஓபி முடிஞ்சா மீட்டிங், மீட்டிங் முடிஞ்சா நமக்கு பஸ் போயிருக்கும். இதெல்லாம் தாண்டி ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கிட்ட போனா, இண்டெக்ஸ்ல தேதி விட்டுப்போச்சுன்னு திரும்பி வரும்.

அட்டெண்டன்ஸ் கணக்கையும் போட்டுப் பாருங்க. தியரிக்கு 75, ப்ராக்டிகலுக்கும் கிளினிக்கலுக்கும் 80 சதவீதம். நாலு வார வார்டு போஸ்டிங், வாரத்துக்கு ஆறு நாள்னா 24 நாள். நாலு நாள் லீவு போட்டா தப்பிச்சோம், அஞ்சாவது நாள் போட்டா 79 சதவீதம், ஷார்ட்டேஜ். டெங்கு வந்து ஒரு வாரம் படுத்தா போஸ்டிங்கே காலி. அப்புறம் எக்ஸ்ட்ரா போஸ்டிங், அதுவும் பரீட்சைக்குப் படிக்க வெச்சிருந்த லீவுல. அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஓடி, தாலி கட்டினதும் பந்திக்குக் கூட உக்காராம பஸ் ஏறுறவங்க மேல "குடும்பத்துல ஒட்டுறதில்ல"ன்னு பழி.

இதுல பெரியவங்க ஒரு டயலாக் வெச்சிருக்காங்க: "நாங்கல்லாம் படிக்கலையா?" படிச்சீங்க சார். 1997ல எம்பிபிஎஸ் படிப்புக்குப் புது விதிமுறை வர்றதுக்கு முன்னாடி அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரிக்கு உங்களுக்கு 18 மாசம் இருந்துச்சு. அதுக்கப்புறம் அதை 12 மாசத்துக்குக் குறைச்சாங்க. புத்தகம் மட்டும் இளைக்கல.

பரீட்சையெல்லாம் முடிச்சு பயிற்சி டாக்டரா, அதாவது ஹவுஸ் சர்ஜன் ஆனா நிம்மதின்னு நினைக்காதீங்க. வருஷம் முழுக்க 15 நாள்தான் லீவு, நைட் ட்யூட்டி முடிச்ச கண்ணோட பிஜி (மேற்படிப்பு) என்ட்ரன்ஸுக்கு பாட வீடியோ பாக்கணும்.

காலேஜ்காரங்க செய்யறதுக்கு ஒண்ணும் மலையைப் புரட்ட வேண்டாம். வாரத்துல ஒரு மணி நேரம் ரெக்கார்டு சைனுக்குன்னே டைம்டேபிள்ல போடுங்க, அந்த நேரம் ஆசிரியர் ஒருத்தர் கட்டாயம் சீட்ல இருக்கட்டும். ஸ்லைடு போட்டோவை முதல் நாளே பேட்ச் குரூப்ல போட்டு விடுங்க. வரையறதை ப்ராக்டிகல் ஹால்லயே முடிச்சு, அங்கயே சைன் வாங்கிட்டு வெளிய வர்ற மாதிரி பண்ணுங்க. அட்டெண்டன்ஸ் சதவீதத்தை மாசா மாசம் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க. ஹால் டிக்கெட் குடுக்குற வாரத்துல அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வான்னு சொல்றதுக்கு முன்னாடி, எத்தனை நாள் குறையுதுன்னு அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்.