701 என்ற எண்ணோடு நிற்க வேண்டாம்

அமெரிக்க விமானப்படை 701 பறக்கும் தட்டுகளை ஒப்புக்கொண்டதாக ஒரு கட்டுரை சொல்கிறது. எண் சரி, பொருள் தவறு. 1947 முதல் 1969 வரை, வானில் தெரிந்த மர்மப் பொருள்கள் பற்றிய தகவல்களை ஆராய விமானப்படை நடத்திய ப்ளூ புக் திட்டமும் அதன் முன்னோடித் திட்டங்களும் சேர்த்த 12,618 பதிவுகளில் விளக்கம் கிடைக்காமல் மிஞ்சியவை அவை, அவ்வளவே.

மூலக் கோப்புகளையே பார்க்கலாம். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் டி-1206 என்ற எண்ணில் 94 மைக்ரோஃபிலிம் சுருள்களாக இருக்கின்றன. அடுக்கியிருப்பது தேதி வரிசையில். அதனால் தேதியும் ஊரும் கையில் இல்லாமல் தேடினால் வீண் அலைச்சல்தான். பலர் தடுமாறுவது நேரக் கணக்கில்: பதிவு அட்டையில் உள்ளூர் நேரம், கிரீன்விச் நேரம் இரண்டுக்கும் இடம் உண்டு. அமெரிக்காவில் இரவு 9 மணி என்றால் கிரீன்விச்சில் மறுநாள் பிறந்துவிடும். ஆகவே முந்தைய நாள், அடுத்த நாள் கோப்புகளையும் புரட்டுங்கள்.

அட்டையில் விசாரணை முடிவைக் குறிக்கும் கட்டங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘பலூன்’ என்பதும் ‘பலூனாக இருக்கலாம்’ என்பதும் ஒன்றல்ல. ‘போதிய தகவல் இல்லை’ என்பது ‘அறியப்படாதது’ ஆகாது. இவற்றைக் கலந்துதான் இணையத்தில் எண்ணிக்கையை ஊதுகிறார்கள். பொதுப் பார்வைக்கான படிகளில் சாட்சிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும். அந்த வாரத்து உள்ளூர் நாளிதழோடு ஒப்பிட்டால் சம்பவம் தெளிவாகும்.