சிட்டுக்குருவியை அழித்தது செல்போன் கோபுரமா?

“செல்போன் கோபுரக் கதிர்வீச்சால் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் சிட்டுக்குருவி இனமே அழிந்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் பரவும் தகவல் தவறானது. 2020-இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையின்படி, நாடு தழுவிய அளவில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை 25 ஆண்டுகளுக்கும் மேலாக ஏறத்தாழ நிலையாகவே உள்ளது. சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்துள்ளது. பிரிட்டனிலோ செல்போன் புழக்கத்துக்கு வருமுன்னரே, 1970-களின் பிற்பகுதியில், சரிவு தொடங்கிவிட்டது.

ஆனாலும், டெல்டா ஊர்களில் தெருவுக்குத் தெரு குருவி குறைந்திருப்பதாகப் பலர் உணர்வது பொய்யன்று. ஓட்டுக்கும் கைமரத்துக்கும் இடையிலிருந்த சந்துதான் அதன் கூடு; அந்த ஓட்டு வீடு இடிக்கப்பட்டுக் கான்கிரீட் தளம் எழும்பியபின், திண்ணையில் குருவிக்கென்று நெற்கதிரைக் கட்டித் தொங்கவிட்டாலும் முட்டையிட அதற்கு இடமில்லை. மேலும், தாய்க்குருவி நெல்லைக் கொத்தினாலும் குஞ்சுக்குப் புழுவையும் பூச்சியையுமே ஊட்டுகிறது. பூச்சிமருந்து அடித்த வயலில் அவை குறைவு.

உண்மையில் கவலைக்குரியவை, யாரும் ஃபார்வர்டு செய்யாத பறவைகள். இதே அறிக்கையின் 2023 பதிப்பில் நீண்டகாலப் போக்கு கணிக்கப்பட்ட 338 இனங்களில் 60 சதவீத இனங்கள் எண்ணிக்கையில் குறைந்துள்ளன. குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றுப்பரப்புக்கு வலசை வரும் உள்ளான் போன்ற கரைப்பறவைகள் பெரிதும் சரிந்த வகைகளுள் அடங்கும்.