ரோசெட்டா தார்ப் இல்லாத பட்டியல்

இங்கே பகிரப்பட்ட 'ராக் அண்ட் ரோல் கிதார் மேதைகள்' பட்டியலுக்குக் கீழே நடந்த வாக்குவாதத்தை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. அதில் விடுபட்டிருந்த, தேவாலயப் பாடல்களை மின்கிதாரில் வாசித்துப் பாடிய அமெரிக்கக் கலைஞர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பின் பெயரை நான் குறிப்பிட்டதற்கு, 'பெண் ஒருவர் வேண்டும் என்பதற்காகச் சர்ச் பாடகியை எல்லாம் சேர்க்க முடியாது' என்று ஒருவர் பதில் எழுதியதும், அதற்கு வரிசையாக விழுந்த சிரிப்புக் குறிகளும்தான் என்னை இதை எழுத வைக்கின்றன.

பெண் என்பதற்காக நான் அவருக்கு இடம் கேட்கவில்லை. மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாடுபவரும் வாசிப்பவரும் ஒருவராகவே நின்று, பாட்டின் நடுவே கிதாரையே பேசவிட்டு அரங்கை எழுந்து நிற்கவைக்கும் அந்த முறையை உருவாக்கியவர்களில் அவர் முன்வரிசையில் இருக்கிறார் என்பதற்காகக் கேட்கிறேன். பட்டியலில் உள்ள பலருக்கும் அவர் மூத்தவர். மூத்தவரை விட்டுவிட்டு வம்சாவளி எழுத முடியாது.

1915இல் ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர் தார்ப். மேண்டலின் வாசித்துப் பாடி ஊழியம் செய்த தாய் கேட்டி பெல் நூபினோடு சிறுமியாகவே கிதாருடன் மேடையேறியவர். 1938இல் டெக்கா நிறுவனத்துக்காக முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்து, அதே ஆண்டு நியூயார்க்கின் காட்டன் கிளப்பிலும், டிசம்பரில் கார்னகி ஹாலிலும் வாசித்தார். பின்னாளில் ராக் அண்ட் ரோல் நட்சத்திரங்களானவர்களைப் பாருங்கள்: அப்போது சக் பெர்ரிக்கு 12 வயது. எல்விஸ் பிரெஸ்லி மூன்று வயதுக் குழந்தை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பிறக்கவே இல்லை. 1944இல் பியானோ கலைஞர் சாமி பிரைஸுடன் அவர் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே', அடுத்த ஆண்டு அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கறுப்பின இசைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. அதை முதல் ராக் அண்ட் ரோல் பதிவுகளுள் ஒன்றாகக் கருதும் இசை வரலாற்றாசிரியர்கள் பலர் உண்டு. இவ்வளவும் பொதுவெளியில் கிடைக்கும் தகவல்கள். சிரிப்புக் குறி இடுவதற்கு முன் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

'சக் பெர்ரியைக் குறைத்துப் பேசுகிறீர்கள்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பெர்ரியை நான் வணங்குகிறேன். 1958இல் வந்த அவருடைய 'ஜானி பி. குட்' 1977இல், பூமியின் ஒலிகளை விண்வெளிக்கு ஏந்திச் சென்ற வாயேஜர் விண்கலத்தின் பொன்தட்டில் ஏறிச் சென்றது; அந்தப் பெருமைக்கு அது முழுத் தகுதி உடையது. ஆனால் அப்பாட்டின் புகழ்பெற்ற தொடக்கம், பாடகர் லூயி ஜோர்டனின் குழுவில் கிதார் கலைஞர் கார்ல் ஹோகன் 1946இல் வாசித்ததிலிருந்து வந்தது. அதனால் பெர்ரி சிறியவராகிவிடவில்லை. வாங்கிக்கொண்டு வளர்த்துக் கொடுப்பதுதான் இசை. கொடுத்தவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இனி அந்தச் 'சர்ச் பாடகி'. எல்விஸ் பிரெஸ்லி அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர். இன்னொரு ராக் அண்ட் ரோல் நட்சத்திரமான ஜெர்ரி லீ லூயிஸும் அப்படியே. அதே வரிசையைச் சேர்ந்த லிட்டில் ரிச்சர்டும் தேவாலயப் பாட்டிலிருந்து வந்தவர்தான். 1947இல் மேக்கன் நகர அரங்கில், 14 வயதுச் சிறுவனாக இருந்த அவரைத் தன் நிகழ்ச்சியில் மேடையேற்றிப் பாடவைத்ததே தார்ப்தான். அந்த ஆண்களுக்கெல்லாம் சபை என்பது வேர், தார்ப்புக்கு மட்டும் அது தகுதிக் குறைவா? தார்ப் வளர்ந்த சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட் ஒரு பெந்தெகொஸ்தே சபை. கைத்தட்டலும் தம்புரினும் கிதாரும் சேர்ந்து எழுப்பும் அந்த ஆராதனைத் தாளத்தை எடுத்துவிட்டால் ராக் அண்ட் ரோலில் என்ன மிஞ்சும்?

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் மட்டுமில்லை. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் என் சித்தி பல ஆண்டுகள் கிதார் வாசித்தார். இடதுகை விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கும். ஆராதனை சூடு பிடிக்கும் நேரத்தில் கீபோர்டு வாசிக்கும் பையன்கள் தாளத்துக்கு அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சபையின் ஆண்டுவிழா மலர் வந்தபோது இசைக்குழுவின் பெயர்ப்பட்டியலில் அந்தப் பையன்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். சித்தியின் பெயர் 'பாடகர் குழு'வின் கீழ் இருந்தது. 'மக்களே, அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் வாசி' என்று மட்டும் சொன்னார். வாசித்தேன். அதன்பிறகு அந்த மலரைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

ஆகவே, 'பட்டியல் என்பது அவரவர் ரசனை, இதற்குப் போய் இவ்வளவு கோபமா' என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஆம், இவ்வளவு கோபம்தான். ரசனைப் பட்டியல் என்றால் 'எனக்குப் பிடித்தவர்கள்' என்று தலைப்பிடுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். 'மேதைகள்' என்றும் 'தொடங்கிவைத்தவர்கள்' என்றும் தலைப்பிட்டால் அது வரலாறு. வரலாற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஹெண்ட்ரிக்ஸ் அளவுக்கு அவரிடம் நுட்பம் இல்லை என்ற வாதத்துக்கு நான் நேரம் செலவிடப் போவதில்லை. அந்த அளவுகோலைப் பட்டியலில் உள்ள ஆண்களுக்கு யாரும் வைக்கவில்லை.

1951இல் வாஷிங்டனின் கிரிஃபித் விளையாட்டரங்கில் நடந்த அவருடைய திருமணத்துக்கும் அதையொட்டிய கச்சேரிக்கும் 20,000க்கும் மேற்பட்டோர் சீட்டு வாங்கி வந்தார்கள். அப்படிப்பட்டவர் 1973இல் பிலடெல்பியாவில் இறந்தபோது கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட வைக்கப்படவில்லை. 2008இல் நிதி திரட்ட ஒரு கச்சேரி நடத்திய பிறகே கல் வந்தது. இக்கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986இல் தன் முதல் வரிசையைச் சேர்த்துக்கொண்டது. தார்ப்பின் முறை வர 2018 ஆயிற்று. அமெரிக்காவே இத்தனை காலம் மறந்திருந்தது, நாம் மறந்தால் என்ன என்று கேட்கிறீர்களா? அவர்கள் திருத்திக்கொண்ட பிறகும் நாம் ஏன் பழைய பிழையையே பகிர்ந்துகொண்டிருக்கிறோம் என்று நான் கேட்கிறேன்.

1964இல் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் கிரனாடா தொலைக்காட்சி எடுத்த காணொளி இருக்கிறது. எதிர் நடைமேடையில் இளைஞர்கள் உட்கார்ந்திருக்க, மழையில் நனைந்த இந்த நடைமேடையில், மேலங்கியைக்கூடக் கழற்றாமல், வெள்ளை நிற கிப்சன் கிதாரோடு தார்ப் வந்து நிற்கிறார். இணைப்பை முதல் கருத்தில் இடுகிறேன். நடுவில் வரும் தனி வாசிப்பை முழுவதும் கேளுங்கள். கேட்ட பிறகும் அவர் கிதார் மேதை இல்லை என்று சொல்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வேன்.